விலை இல்லாத பிளிட்ஸ்

ஸ்கோர் 42 – 7. வென்றது எங்களில் ஒருத்தன், தோற்றதும் எங்களில் ஒருத்தன். போடிங் அறையில் ஒரு லப்டொப்புக்கும் இரண்டு கொன்ட்ரோலருக்கும் பங்காளிகளான நாலு பேர்தான் இந்தக் கட்டுரையில் வருகிற 'நாங்கள்'. தோற்றவன் மூன்றாவது குவாட்டரிலேயே கொன்ட்ரோலரைக் கட்டிலில் போட்டுவிட்டு எழும்பினான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "நீ என்னோட விளையாடேல்ல மச்சான், கொம்பியூட்டரோடதான் விளையாடினனீ." அதுக்குப் பிறகு இரண்டு கிழமை அவன் அந்தக் கேமைத் தொடவில்லை.

விசயம் இதுதான். வென்றவன் அந்த மட்ச் முழுக்க, தற்காப்புக்கு வந்த ஒவ்வொரு முறையும், ஒரே ஒரு பிளிட்ஸைத்தான் கூப்பிட்டான். அதே ஆட்டம், அதே ஆள் அதே இடத்தில், அதே மூன்று பட்டன். ஒவ்வொரு முறையும் ஒரு லைன்பக்கர் ஒருத்தராலும் தடுக்கப்படாமல் நேராக ஓடிவந்து குவாட்டர்பக்கைச் சாய்த்தான். "கேமில இருக்கிறதைத்தானே செய்தனான், என்ன பிழை?" என்றான் வென்றவன். அன்றிரவு தொடங்கின வாக்குவாதம் கனநாள் ஓடியது. அதில் நாங்கள் வந்து சேர்ந்த இடத்தைத்தான் இங்கே எழுதுகிறோம். அமெரிக்கன் ஃபுட்போல் எங்கட மண்ணில் பரவலாக விளையாடப்படாத விளையாட்டு. எங்களுக்கு அது மைதானத்தில் அறிமுகமானதல்ல, கேமில் அறிமுகமானது. அதால்தான் கேம் சொல்கிற பொய் எங்களுக்குக் கூடுதலாக உறைக்கிறது.

விளையாட்டைத் தெரியாத ஆக்களுக்காக முதலில் கொஞ்சம் கணக்கு.

ஒவ்வொரு பக்கமும் 11 பேர். பந்து வைத்திருக்கிற அணிக்கு நாலு முயற்சி. அந்த நாலுக்குள் 10 யார் தூரம் முன்னேறினால் மறுபடி நாலு முயற்சி கிடைக்கும். தாக்கும் அணியின் 11 பேரில் ஒருத்தர் குவாட்டர்பக், அவர்தான் பந்தை வீசுகிறவர். அவருக்கு முன்னால் ஐந்து பெரிய ஆக்கள் மதில் மாதிரி நிற்பார்கள். மிச்சம் ஐந்து பேர் வீசுகிற பந்தைப் பிடிக்க உரிமை உள்ளவர்கள்.

தடுக்கும் அணி சாதாரணமாக நாலு பேரை மட்டும் குவாட்டர்பக்கைப் பிடிக்க அனுப்பும். மிச்சம் ஏழு பேர், பந்து பிடிக்க ஓடுகிற ஐந்து பேரைப் பார்த்துக்கொள்வார்கள். ஏழுக்கு ஐந்து, நல்ல கணக்கு. அப்படி இல்லாமல் ஐந்து, ஆறு, ஏழு பேரை ஒரேயடியாக அனுப்புவதுதான் பிளிட்ஸ். மின்னலுக்கு ஜெர்மன் மொழியில் சொல்கிற சொல் அது. இரண்டாம் உலகப்போரின் மின்னல் போரிலிருந்து விளையாட்டுக்குள் வந்தது.

இப்ப கணக்கைப் பாருங்கோ. ஆறு பேர் போனால் பின்னால் மிஞ்சுவது ஐந்து பேர். ஐந்துக்கு ஐந்து, ஒருத்தருக்கு ஒருத்தர், மேலதிகமாக ஒருத்தரும் இல்லை. ஒருத்தர் சறுக்கினால் அவருக்குப் பின்னால் கோல் கோடு வரைக்கும் வெறும் புல்தான். ஏழு பேர் போனால், தாக்கும் அணி ஓட்டக்காரர் ஒருத்தரையும் தடுக்க நிறுத்தினாலும், தடுப்பவர்கள் ஆறு, வருகிறவர்கள் ஏழு. ஒருத்தர் நிச்சயமாக மிச்சம். அந்த மிச்ச ஆள் வந்து சேருவதற்கு முதல் பந்து கையை விட்டுப் போகவேண்டும், அது குவாட்டர்பக்கின் பொறுப்பு. கிரிக்கெட் தெரிந்தவர்களுக்குச் சொல்வதென்றால், ஸ்லிப்பிலும் கிட்டவும் ஆறு பேரைக் குவித்துவிட்டு பவுண்டரியைத் திறந்து விடுகிற மாதிரி. விக்கெட் விழலாம். இல்லாட்டி நாலு, நாலு, நாலு எண்டு போகலாம்.

ஆக, பிளிட்ஸ் எண்டது கடன். அந்த ஒரு செக்கனுக்கு ஆளைக் கூட்டிக்கொள்கிறாய், அதுக்கு வட்டியாகப் பின்பக்கத்தைத் திறந்து விடுகிறாய்.

அந்த வட்டி எவ்வளவு கொடியது என்பதற்கு 2020 டிசம்பர் 6 ஆம் திகதி நடந்த நியூயோர்க் ஜெட்ஸ் – லாஸ் வேகாஸ் ரெய்டர்ஸ் மட்ச்சைப் பார்க்கலாம். அந்தப் பருவத்தில் ஜெட்ஸ் அதுவரை ஒரு மட்ச்கூட வெல்லவில்லை. அன்றைக்கு 28 – 24 எண்டு முன்னுக்கு நிற்கிறார்கள். மிச்சம் 13 செக்கன். ரெய்டர்ஸ் இன்னும் 46 யார் போகவேண்டும். நாலு புள்ளி பின்னுக்கு நிற்பதால் உதைத்து எடுக்கிற மூன்று புள்ளி அவர்களுக்குக் காணாது, டச்டவுன்தான் வேணும். அதாவது ஜெட்ஸ் செய்யவேண்டியது ஒன்றே ஒன்று: தூரப் பந்தை விடாமல் பின்னால் ஆளை நிறுத்துவது. ஆனால் தற்காப்புப் பயிற்சியாளர் கிரெக் வில்லியம்ஸ் கூப்பிட்டது முழு பிளிட்ஸ். பின்னால் காவலுக்கு ஒருத்தரும் இல்லை. டெரெக் கார் பந்தைத் தூக்கி வீசினார், ஹென்றி ரக்ஸ் ஓடிப் பிடித்தார். 5 செக்கன் மிச்சம் இருக்க 31 – 28. அடுத்த நாள் வில்லியம்ஸுக்கு வேலை போனது.

தோற்கிற அணிகளுக்கு மட்டும் நடக்கிற கதை இல்லை இது. 1985 ஆம் ஆண்டின் சிக்காகோ பெயார்ஸ் அணியை, அந்த விளையாட்டின் மிகச் சிறந்த தற்காப்பு அணிகளில் ஒன்றாக இன்றைக்கும் சொல்கிறார்கள். படி ரயன் எண்ட பயிற்சியாளரின் '46' தற்காப்பு முறை, எதிரணிக்கு மூச்சுவிட இடம் கொடுக்காமல் ஆட்களை முன்னுக்குக் குவிக்கும். (46 என்பது டக் பிளாங்க் எண்ட அவர்களின் வீரரின் சட்டை இலக்கம்.) 12 மட்ச் விளையாடி 12ம் வென்று மயாமிக்குப் போனார்கள். அங்கே டொன் ஷூலாவின் டொல்பின்ஸ் அவர்களை 38 – 24 எண்டு அடித்தது. எப்படி? பந்து பிடிப்பவர்களை அகலமாகப் பரப்பி நிறுத்தினார் ஷூலா. அதால் லைன்பக்கர் மாதிரி ஆக்கள் வேகமான பிடிப்பாளர்களுக்குப் பின்னால் ஓடவேண்டி வந்தது. மற்றப் பக்கம், டான் மரீனோ பந்தைக் கையிலிருந்து விடுகிற வேகத்துக்கு முன்னால் பிளிட்ஸ் வந்து சேரவே நேரம் காணவில்லை. அந்தப் பருவம் முழுக்க பெயார்ஸ் தோற்றது அந்த ஒரு மட்ச்தான். பிறகு சூப்பர் போலில் 46 – 10 எண்டு வென்றார்கள். அப்படிப்பட்ட அணியும் கடனைக் கட்டத்தான் வேண்டியிருந்தது.

கடனைக் குறைக்கிற வழியையும் ஆக்கள் தேடினார்கள். 1980களில் சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியில் டிக் லெபோ வளர்த்தெடுத்த 'சோன் பிளிட்ஸ்' அப்படி ஒன்று. எதிர்பாராத பக்கத்திலிருந்து ஒரு லைன்பக்கரை அனுப்புவது, அதேநேரம் முன்வரிசையில் நிற்கிற பெரிய ஆள் ஒருத்தரைப் பின்னுக்கு எடுத்து, அவசரமாக வீசுகிற பந்து போகக்கூடிய இடத்தில் நிறுத்துவது. எண்ணிக்கையில் பெரும்பாலும் ஐந்து பேருக்கு மேல் போவதில்லை. ஆனால் எந்த ஐந்து பேர் என்பது எதிரணிக்குத் தெரியாது. இங்கே வேலை செய்வது ஏமாற்று. எதிரில் நிற்கிற மனுசனின் கண்ணையும் மூளையையும் ஏமாற்றுவது. அந்த மனுசனும் அடுத்த முறை அதைக் கண்டுபிடிக்கலாம். இந்த விளையாட்டில் எங்களைப் பிடித்து இழுத்தது அந்த விளையாட்டுக்குள் விளையாட்டுத்தான்.

இனிக் கேமுக்கு வருவம்.

பழைய நிண்டெண்டோவில் 1991இல் வந்த டெக்மோ சூப்பர் போல் எண்ட கேமை எங்களில் இரண்டு பேர் விளையாடியிருக்கிறம். படம் எல்லாம் சதுரம் சதுரமாக இருக்கும், ஆக்கள் பொம்மை மாதிரி. அதில் பிளிட்ஸுக்கு ஒரு விசித்திரமான விதி. தாக்கும் அணிக்கு எட்டு ஆட்டங்கள்: நாலு ஓட்டம், நாலு வீச்சு. தடுக்கிறவருக்கு முன்னாலும் அதே எட்டுத்தான். எதிரி எதைத் தேர்வான் எண்டு ஊகித்து நீங்கள் ஒன்றை அமத்தவேணும். சரியாக ஊகித்துவிட்டால் எதிரியின் மதில் அப்படியே சரியும், உங்கட ஆக்கள் எல்லாரும் ஒரேயடியாகப் பாய்வார்கள். பிழையாக ஊகித்தால் அந்தப் பாய்ச்சல் கிடைக்காது.

உண்மையான ஃபுட்போலுக்கும் இதுக்கும் சம்பந்தம் குறைவு எண்டு சொல்லலாம். ஆனால் நாங்கள் சொல்கிறது, பிளிட்ஸைப் பற்றி அந்தச் சதுரப் பொம்மைக் கேம் உண்மையைத்தான் சொல்கிறது. பிளிட்ஸ் எண்டது ஊகம். எதிரியைப் படித்தவனுக்குப் பரிசு, படிக்காதவனுக்கு இல்லை. விதி இரண்டு பேருக்கும் தெரியும், இரண்டு பேருக்கும் சமம். நீ ஒரே ஆட்டத்தைத் திருப்பித் திருப்பிக் கூப்பிட்டால் நான் பிடிப்பன். நான் ஒரே ஊகத்தைத் திருப்பித் திருப்பிச் செய்தால் நீ தப்புவாய். முன்னால் இருக்கிறவனின் முகத்தைப் பார்த்து விளையாடவேண்டிய கேம் அது.

இன்றைய பெரிய கேம்கள் வேறு விதம். அவை உண்மையை அப்படியே தருகிறோம் எண்டு சொல்லித்தான் விற்கப்படுகின்றன. அந்த வாக்குறுதிக்கு ஒரு வரலாறும் இருக்கு. 1988இல் அப்பிள் II கொம்பியூட்டருக்கு வந்த ஜோன் மேடன் ஃபுட்போல் கேம், வெளிவர வருசக்கணக்காகத் தாமதமானது. அந்தக் காலத்து இயந்திரத்தால் 22 பேரைத் திரையில் ஓடவைக்க ஏலாது, ஏழுக்கு ஏழு எண்டு வைப்பம் எண்டு எலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ்காரர் கேட்டபோது, ஓக்லண்ட் ரெய்டர்ஸின் முன்னாள் பயிற்சியாளரான மேடன் மறுத்தார். 11க்கு 11 இல்லாட்டி அது ஃபுட்போலே இல்லை என்பது அவர் நிலைப்பாடு. மேலே நாங்கள் போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்கோ. அவர் சொன்னது எவ்வளவு சரியெண்டு விளங்கும். ஆறுக்கு ஐந்து, ஏழுக்கு ஆறு எண்ட அந்தக் கணக்கு 11 பேர் இருந்தால்தான் வேலை செய்யும். 11 பேர் இல்லாமல் பிளிட்ஸ் இல்லை.

ஆனால் திரையில் 11 பேர் இருக்கிறார்கள், 11 தலை இல்லை. எங்கட வாதத்தின் அடிப்படை இதுதான்.

உண்மை மைதானத்தில் பிளிட்ஸ் வருவதைக் குவாட்டர்பக் மட்டும் பார்ப்பதில்லை. நடுவில் பந்தை எடுத்துக் கொடுக்கிறவர் பார்க்கிறார், கையைக் காட்டி மற்றவர்களுக்குச் சொல்கிறார். ஓட்டக்காரர் பார்க்கிறார், யாரைத் தடுக்கவேண்டும் எண்டு முடிவெடுக்கிறார். பிடிப்பாளரும் பார்க்கிறார், தன்னுடைய பாதையைப் பாதியில் முறித்து, பிளிட்ஸுக்குப் போன ஆள் விட்டுப்போன வெற்றிடத்துக்குத் திரும்புகிறார். இவ்வளவும் இரண்டு மூன்று செக்கனுக்குள். கேமில் இவ்வளவையும் கொன்ட்ரோலர் வைத்திருக்கிற ஒரே ஒருத்தன், பந்து ஆட்டத்துக்கு வருவதற்கு முதல் கிடைக்கிற சில செக்கனில், பட்டன் பட்டனாக அமத்திச் செய்யவேணும். மற்றப் பத்துப் பேரும் பெரும்பாலும் முதலில் சொன்னதைத்தான் செய்துகொண்டு நிற்பார்கள்.

தாக்கும் அணியின் மதில் யாரை யார் தடுப்பது எண்டு தீர்மானிப்பதும் ஒரு சூத்திரம்தான். எதிரணி ஆக்கள் எங்கெங்கே நிற்கிறார்கள் எண்டு கேம் எண்ணிப் பார்த்து ஆளாளுக்குப் பிரித்துக் கொடுக்கும். இங்கேதான் ஓட்டை. ஒரு லைன்பக்கரைக் கொன்ட்ரோலரால் ஓட்டிப்போய், இரண்டு தடுப்பாளருக்கு இடையிலான இடைவெளியில் நிறுத்தினால், சூத்திரம் அவனை ஓடிவரப்போகிறவன் எண்டு எண்ணி ஒரு தடுப்பாளரை ஒதுக்கிவிடும். பந்து போனவுடன் அவனைப் பின்னுக்கு இழுத்துவிட்டால், அந்தத் தடுப்பாளர் தடுக்க ஆளில்லாமல் வெறுமனே நிற்பார். பக்கத்தால் இன்னொருத்தன் சுதந்திரமாகப் போவான். இதில் மிகக் கொடுமையான பகுதி என்னவெண்டால், பின்னுக்கு இழுத்த ஆள் இப்ப நடுமைதானத்தைக் காவல் காக்கிறான். அதாவது பிளிட்ஸின் பலனும் கிடைத்தது, பின்பக்கமும் மூடியே இருக்கு. கடன் வாங்கியாச்சு, வட்டி இல்லை.

மேடன் விளையாடுகிற ஆக்கள் மத்தியில், ஒருத்தராலும் தடுக்கப்படாமல் கண்மூடித் திறக்கிறதுக்குள் வந்து சேருகிற இந்த வகைக்கு 'நானோ பிளிட்ஸ்' எண்டு பேர் வந்து கனகாலம். நாங்கள் அறையில் விளையாடின கேமின் பேரை இங்கே எழுதவில்லை. ஏனெண்டால் இது ஒரு கேமுக்கு மட்டும் சொந்தமான வியாதி இல்லை. சூத்திரத்தை வைத்து மனுசத் தீர்மானத்தை நடிக்கிற எந்த விளையாட்டுக் கேமிலும் இப்படி ஒரு ஓட்டை இருக்கும், அதைத் தேடிப் பிடிக்கிற ஒருத்தனும் இருப்பான்.

இதுக்கு எதிராக எங்கட அறைக்குள்ளேயே மூன்று வாதம் வந்தது. மூன்றையும் லேசாகத் தள்ளிவிட ஏலாது.

முதலாவது: "கேமில இருந்தா அது நியாயம்." போட்டிக்கு விளையாடுகிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் யோசிக்கிறார்கள். 2020இல் மேடன் போட்டியொன்றில் பட்டம் வென்றவர், பந்தை உதைக்கிற வேலை செய்கிற பன்டர் ஒருத்தரைக் குவாட்டர்பக் இடத்தில் நிறுத்தி, வீச்சை மறந்துவிட்டு ஓட்டத்தாலேயே வென்றார். அணியைச் சேர்க்கச் சம்பள வரம்பு இருந்தது. குவாட்டர்பக்குக்குச் செலவழிக்கவேண்டியதை மற்ற இடங்களுக்குச் செலவழித்தார். கனபேர் சிரித்தார்கள், சிலர் திட்டினார்கள். எங்களுக்கு அதில் பிழை தெரியவில்லை. அவர் விதியைப் படித்து, வீச்சைத் துறப்பது எண்ட விலையைக் கொடுத்து, பலனை எடுத்தார். எதிரில் இருந்தவருக்கும் அது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. ஓட்டத்தை மறிக்க ஆளைக் குவிக்க அவருக்கு வழியும் இருந்தது. விலை கொடுத்து வாங்கின தந்திரம் வேறு, விலையே இல்லாமல் எடுக்கிறது வேறு.

எங்கட ஊர்க் கடதாசி விளையாட்டில் சொன்னால் கெதியாக விளங்கும். 304இல் துரும்பைக் கவிழ்த்து வைக்கிறம். எது துரும்பு எண்டு மற்றவனுக்குத் தெரியாது, அவன் ஊகிக்கவேணும். அந்த ஒளிப்பு விளையாட்டின் உயிர். ஆனால் கடதாசியின் முதுகில் நகத்தால் கீறி அடையாளம் போட்டு வைத்தால்? அதுவும் ஒளிப்புத்தான், ஆனால் அது மற்றவனின் மூளையோடு மோதவில்லை, கடதாசியோடு மோதுகிறது. லெபோவின் சோன் பிளிட்ஸ் கவிழ்த்து வைத்த துரும்பு. நானோ பிளிட்ஸ் கீறின கடதாசி.

இரண்டாவது வாதம்: "ஏலாட்டி அதை முறியடிக்கப் படி." இது பாதி சரி. பிளிட்ஸுக்கு மருந்து இருக்கு. ஓட்டக்காரரைப் பாதையில் அனுப்பாமல் தடுக்க நிறுத்தலாம். மதிலை ஒரு பக்கம் சரியச் சொல்லலாம். பிடிப்பாளரைத் தூரம் ஓடவிடாமல், உள்ளுக்குள் சரிந்து வருகிற குட்டிப் பாதை கொடுத்து, பந்து கைக்கு வந்தவுடனேயே வீசலாம். வருகிறவர்களை வரவிட்டு, அவர்களின் தலைக்கு மேலால் ஓட்டக்காரருக்கு 'ஸ்கிரீன்' கொடுக்கலாம். எல்லாவற்றையும்விட எளிய பாடம்: பிளிட்ஸ் எங்கிருந்து வந்ததோ அங்கே வெற்றிடம், பந்தை அங்கே போடு. இதையெல்லாம் படிப்பது நல்லது, நாங்களும் படித்தோம். ஆனால் பாருங்கோ, ஒருத்தன் மூன்று பட்டனில் செய்கிறதை முறியடிக்க மற்றவன் எட்டுப் பட்டன் அமத்தவேண்டியிருந்தால், அதுவும் ஒவ்வொரு முறையும், அது திறமையின் போட்டி இல்லை. அதோடு புதுசாக வருகிற ஒருத்தனுக்கு அந்த எட்டுப் பட்டனை ஒருத்தரும் சொல்லிக் கொடுப்பதில்லை. அவன் பத்து மட்ச் தோற்றுவிட்டு, 'ஃபுட்போல் எண்டது இவ்வளவுதான்' எண்டு மூடிவைத்துவிட்டுப் போய்விடுவான். எங்கட அறையில் அதுதான் நடந்தது.

மூன்றாவது: "அப்ப தடை செய்வம்." இதை நாங்கள் செய்தே பார்த்தோம். சுவரில் பேப்பர் ஒட்டினோம்: தொடர்ச்சியாக இரண்டு முறை பிளிட்ஸ் கூடாது. முதல் நாளே சண்டை. ஐந்து பேர் வந்தால் பிளிட்ஸா? நாலு பேர்தான் வந்தார்கள், ஆனால் அதில் ஒருத்தன் லைன்பக்கர் எண்டால்? எதிரி கடைசி முயற்சியில் 10 யார் போகவேண்டியிருக்கும்போது, முதல் முறைதான் பிளிட்ஸ் அடித்தாய் எண்டு கையைக் கட்டிக்கொண்டு இருக்கவேணுமா? மூன்று நாளில் பேப்பரைக் கிழித்தோம். பிளிட்ஸைத் தடை செய்தால் ஃபுட்போலின் பாதியைத் தடை செய்கிற மாதிரி. பயமே இல்லாமல் குவாட்டர்பக் நின்று பந்து வீசுகிற விளையாட்டும் பொய்தான்.

அப்ப பொறுப்பு யாருக்கு? எங்கட முடிவு: விளையாடுகிறவனுக்கு அல்ல, செய்கிறவர்களுக்கு. வெல்வதற்கு வழி இருந்தால் அதை எடுப்பது விளையாடுகிறவனின் இயல்பு. அந்த வழிக்கு விலை வைப்பது கேம் செய்கிறவனின் வேலை.

விலை வைக்கச் சொன்னால் அவர்கள் வழக்கமாகச் செய்கிறது வேறு. முறைப்பாடு கூடினால் ஒரு அப்டேட் வரும், அந்தக் குறிப்பிட்ட ஓட்டை அடைபடும், இன்னொன்றை ஆக்கள் கண்டுபிடிப்பார்கள். இல்லாட்டி, ஓடிவருகிறவர்களின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்து பிளிட்ஸையே மொட்டையாக்கி விடுவார்கள். இரண்டும் தீர்வு இல்லை. எங்களுக்கு வேண்டியது பலவீனமான பிளிட்ஸ் இல்லை, விலையுள்ள பிளிட்ஸ். தடுப்பாளர் ஆளில்லாமல் நிற்கும்போது பக்கத்தைத் திரும்பிப் பார்க்கட்டும். பிடிப்பாளர் தன் காவலாளி பிளிட்ஸுக்குப் போனதைக் கண்டால் பாதையை முறிக்கட்டும். ஒரே பிளிட்ஸ் ஐந்தாவது முறை வரும்போது எதிரணிக் குவாட்டர்பக்குக்கு அது பழகிப்போகட்டும். 1985இல் மயாமியில் நடந்தது கேமிலும் நடக்கச் சாத்தியம் இருக்கட்டும்.

இதைச் செய்ய ஏன் அவசரம் இல்லை என்பதற்கு எங்களுக்குத் தெரிகிற ஒரு காரணம் சந்தை. 2004 இல் ஈஎஸ்பிஎன் என்எஃப்எல் 2கே5 எண்ட போட்டிக் கேம் 19.99 டொலருக்கு வந்து மேடனுக்குச் சவால் விட்டது. அதே வருச டிசம்பரில் எலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ், என்எஃப்எல் அணிகளையும் வீரர்களையும் கேமில் பயன்படுத்துகிற தனி உரிமையை வாங்கியது. 2கேயின் என்எஃப்எல் கேம் வரிசை அதோடு நின்றது. அதுக்குப் பிறகு, உண்மையான அணிகளோடு அந்த மாதிரி ஒரு கேம் வேணுமெண்டால் வேறு கடை இல்லை. ஒரே கடை இருக்கிற ஊரில் பாணுக்குள் கல் கிடந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? தனி உரிமை இருக்கிறதால்தான் ஓட்டை இருக்கு எண்டு நாங்கள் சொல்லவில்லை. பக்கத்தில் இன்னொரு கடை இருந்திருந்தால் ஓட்டையை அடைக்க அவசரம் வந்திருக்கும் எண்டுதான் சொல்கிறோம்.

'ஒரு கேமுக்கு ஏன் இவ்வளவு?' எண்டு கேட்கலாம். நாங்களும் கேட்டுக்கொண்டோம். எங்கட பதில், நாங்கள் ஒரு விளையாட்டை, அதைச் செய்த ஆக்களின் ஊரை, அவர்கள் யோசிக்கிற விதத்தை, ஒரு கேமுக்குள்ளால்தான் பார்க்கிறம். நேரில் பார்க்க வழியில்லாதவனுக்குப் பிரதிதான் மூலம். கீறின கடதாசியோடு 304 பழகினவன், 304 எண்டால் இதுதான் எண்டு நினைத்துக்கொண்டு போவான். அந்த 42 – 7 இரவில் நாங்கள் எல்லாரும் பிளிட்ஸ் எண்டால் வெல்கிற பட்டன் எண்டு நினைத்தோம். ஜெட்ஸின் அந்தக் கடைசி 13 செக்கனைப் பிறகு பார்த்தபோதுதான், அது ஒரு பயிற்சியாளரின் வேலையைப் பறிக்கக்கூடிய சூதாட்டம் எண்டு விளங்கியது.

இரண்டு கிழமைக்குப் பிறகு அவன் திரும்பி வந்தான். நாங்கள் மன்னிப்புக் கேட்டதால் இல்லை. வென்றவன் தானாகப் போய், அந்த மூன்று பட்டனும் என்ன செய்கிறது எண்டு அவனுக்குக் காட்டிக் கொடுத்தான். இந்த இடத்தில் நிறுத்தினால் உன்ர ஆள் இவனைப் பிடிப்பான், மற்றவன் சும்மா வருவான், நீ ஓட்டக்காரனை இந்தப் பக்கம் நிப்பாட்டு எண்டு. கீறின கடதாசியை மேசையில் போட்டு, எங்கே கீறியிருக்கு எண்டு காட்டின மாதிரி. சுவரில் ஒட்டின பேப்பரால் ஆகாதது அதால் ஆனது. இப்ப எங்கட அறையில் எழுதாத ஒரு வழக்கம் இருக்கு: ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தால் முதலில் மற்ற மூன்று பேருக்கும் சொல்லவேணும், பிறகுதான் பாவிக்கலாம்.

போன கிழமை அவர்கள் இரண்டு பேரும் திரும்ப விளையாடினார்கள். நாலாவது குவாட்டர், ஒரு நிமிசம்கூட இல்லை, பிளிட்ஸ்காரன் நாலு புள்ளி முன்னுக்கு. பழக்கதோசம், முழுப்பேரையும் அனுப்பினான். மற்றவன் ஓட்டக்காரரை நிறுத்தி, ஒரு காலடி பின்னுக்கு வைத்து, பந்தைத் தூக்கி வீசினான். பின்னால் ஒருத்தரும் இல்லை.

நாலு பேரும் கத்தின கத்தலில் வீட்டுக்கார அன்ரி வந்து கதவைத் தட்டினா.